மாடு கவரப் போனவனின் கல்

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். விடுமுறை கிடைத்தால் ஜவ்வாது மலையடிவாரத்துக்குக் கிளம்பிவிடுவேன். பழைய தொண்டை நாட்டின் மேற்கு எல்லை அது. அந்தக் காலத்து எல்லைக்கு வேலியும் கிடையாது, சாவடியும் கிடையாது. இவர்கள் மாட்டை அவர்கள் ஓட்டிக்கொண்டு போவதும், இவர்கள் துரத்திப்போய் மீட்பதும்தான் எல்லை. அதில் செத்தவர்களுக்கு நட்ட கற்கள் இன்றும் வயல்வரப்பில் நிற்கின்றன. கவரப் போனவன் யார், மீட்கப் போனவன் யார் என்று படித்துப் பிரிப்பது என் வேலை. "கழுதை கெட்டா குட்டிச்சுவர்" என்று சக ஆசிரியர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். தண்ணீர் தெளித்த கல்லில் சாய்ந்த வெயில் பட்டு எழுத்து எழும்பி வருவதைப் பார்ப்பதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குத் தெரியாது.

மிச்சமிருக்கும் விடுமுறை என் தம்பிக்கு. திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்தான். ஒரு சண்டையில் கையில் கிடைத்த கம்பியால் பக்கத்துப் பட்டறைக்காரரை அடித்துவிட்டான். அவருக்கு ஒரு கண் போய்விட்டது. தண்டனை நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால் துக்கம் குறைந்துவிடவும் இல்லை. சிறையில் போய்ப் பார்ப்பதை 'மனு பார்ப்பது' என்பார்கள். ஊரப்பாக்கத்தில் ரயிலேறி நகரத்தின் வடக்குக் கோடி வரை போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இன்டர்காமைப் பிடித்துக்கொண்டு கத்த வேண்டும். வீட்டுக்கதை சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு நான் கல்லைப் பற்றிப் பேசுவேன். அவன் சுவாரசியமாகக் கேட்பான்.

எங்கள் காலனியைப் பொறுத்தவரை அவன் துபாயில் இருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்த ஏற்பாடு அம்மாவுடையது. எங்கள் சபையில், பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் காணிக்கை உறையில் ஒரு வரி எழுதிக் கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனையில் போதகர் அதை மைக்கில் வாசித்து ஜெபிப்பார். அம்மா வருஷம் தவறாமல் 'துபாயில் வேலை செய்யும் மகனுக்காக' என்று எழுதினார். சபையே கண்ணை மூடி ஆமென் சொல்லும். அவன் கிடந்தது வடக்கே, ஜெபமெல்லாம் துபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

இதனால் ஒரு வினை வந்தது. நன்னடத்தைக்காரன் என்பதால் சில நாள் பரோலில் வீட்டுக்கு வர அவன் விண்ணப்பிக்கலாம். அம்மாவுக்கு இதயம் பலவீனம். அவனை ஒருமுறை வீட்டில் பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தார். அவனோ மறுத்துவிட்டான்.

"தினம் போலீஸ் ஸ்டேஷன் போய் கையெழுத்துப் போடணும்க்கா. துபாய்லேர்ந்து வந்தவன் எதுக்குக் கையெழுத்துப் போடுறான்னு கேக்க மாட்டாங்களா? அம்மாதான் தலைகுனியணும். நான் வரல."

அதை அம்மாவிடம் சொன்னேன். அவர் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். பேச்சை மாற்றுவதற்காக, அந்த வாரம் படித்த கல்லைப் பற்றிச் சொன்னேன். பக்கத்து ஊர் மாட்டைக் கவரப் போய் அங்கேயே செத்துப்போனவன் ஒருவன். அவன் ஊர்க்காரர்கள் வைத்த கல்.

"திருடப் போனான்னேவா எழுதியிருக்காங்க?"

"அது திருட்டு இல்லம்மா. அந்தக் காலத்துல அது ஒரு போர்முறை."

"மாட்டைப் பறிகொடுத்தவன்கிட்ட போய்ச் சொல்லு." தட்டைத் தள்ளி வைத்தார். "மறைச்சு எழுதலயா?"

"இல்லம்மா. கவரப் போனான், செத்தான்னு அப்படியேதான் இருக்கு."

"அப்படி எழுதியும் கல்லு வச்சிருக்காங்க" என்றார். கை கழுவப் போய்விட்டார்.

அடுத்த மாதம் தம்பியின் பிறந்தநாள் வந்தது. போதகர் உறைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார். எங்கள் பக்கம் பார்த்தார். அம்மா தலையசைத்தார். 'ஒருவரை அடித்துச் சிறையில் இருக்கும் என் மகனுக்காகவும், கண் இழந்த அந்தச் சகோதரருக்காகவும்' என்று போதகர் வாசித்தார். பயத்தில் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் கண்ணை மூடி ஆமென் சொன்னார், சபையும் சொன்னது. வாசலில் சிலர் எங்களைப் பார்க்காததுபோல் போனார்கள். ஒருவர் மட்டும் அம்மாவிடம் வந்து, "எந்த நாள்ல மனு பாக்கலாம்க்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவருடைய மருமகனும் உள்ளே இருந்தான்.

தம்பியிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை.

"மைக்குலயா?"

"மைக்குலதான். எல்லாரும் ஆமென் சொன்னாங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ரிசீவர் அவன் மடியில் கிடந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. விண்ணப்பம் அந்த வாரமே போனது.

அவன் வந்த அன்று அம்மா வாசல் கேட் அருகே காத்திருந்தார். ஆட்டோ நின்றதும் அவன் கையைப் பிடித்து இறக்கி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாடி வீட்டு அம்மாளை அண்ணாந்து பார்த்து உரக்கச் சொன்னார்: "என் பையன் வந்திருக்கான், ஜெயில்லேர்ந்து. கொஞ்ச நாள்தான் லீவு. வந்து பாத்துட்டுப் போங்க."

தம்பி கூசிப்போனான். "மெதுவாம்மா."

"இத்தனை வருஷம் மெதுவாதானேடா பேசினேன்" என்றார் அம்மா.