பூட்டிய கதவைக் காட்டிய செய்தி

மறையூரில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த என் கணவரைக் குளவிகள் கொட்டின. சிறிது நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை என்று தொலைக்காட்சியில் பூட்டிய கதவைக் காட்டியிருந்தார்கள். அதனால் அவரை ஒரு ஜீப்பில் ஏற்றி, மூணாறு ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். அந்த நிலையத்தின் வாசலைத் தாண்டித்தான் போனோம்; திறந்திருக்கிறதா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வழியில் ஒரு யானை சாலையை மறித்து நின்றது. டிரைவர் ஜீப்பை நிறுத்தினார்.

"ஹாரன் அடிங்கண்ணே."

"அடிச்சா நம்ம மேல வரும்மா. பேசாம இருங்க."

கணவரின் முனகல் நின்றது. அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு மெல்லியதாக வந்தது.

"திரும்பிருவோம். நம்மூர்ல நர்சாவது இருப்பாங்க" என்றார் டிரைவர்.

திரும்பி வந்தபோது சுகாதார நிலையம் திறந்திருந்தது. உள்ளே டாக்டர் இருந்தார். உடனே தொடையில் ஊசி போட்டார். மூச்சு சீரான பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

"டாக்டர் இல்லன்னு டிவியில காட்டுனாங்களே" என்று நர்சிடம் கேட்டேன்.

"அது பழைய கதைக்கா. பூட்டிக் கெடந்தப்ப கேமராவோட வந்தாங்க. தொறந்தப்ப ஒருத்தரும் வரல."

செய்தி வந்த அன்று அது உண்மைதான். அதன் பிறகு நானும் போய்ப் பார்க்கவில்லை. இப்போது யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும், அந்தக் கதவைத் தட்டிப் பார்த்த பிறகே மூணாறு சாலையில் ஏறுகிறோம்.