ஈயமீனும் வள்ளத்தில் ஓர் இடமும்

எங்கள் ரொட்டிக்கடை அடுப்புக்கு விறகு தள்ளிய மூன்று வருஷத்தில் இனிகோ ஒரு நாளாவது ரொட்டியைப் பற்றி நினைத்திருப்பானா என்பது சந்தேகம். பக்கத்திலேயே நின்று மாவு பிசைந்தவன் நான், எனக்குத் தெரியாதா? அவன் நினைப்பெல்லாம் கடலில். வள்ளத்தைக் கரையேற்றும்போது வலது கால் நசுங்கிப்போனது. அதற்குப் பிறகு எவனும் அவனைத் தொழிலுக்குச் சேர்க்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் எங்களிடம் வந்தான்.

அவன் பெண்டாட்டி பிளாரன்ஸின் அண்ணன் பவுலுக்குச் சொந்த வள்ளம் உண்டு. ஈயத்தில் வார்த்த பொய்மீனை வள்ளத்தின் பின்னால் இழுத்துக்கொண்டே போய்ச் சீலா மீன் பிடிப்பார்கள். சாதாரண பெயிண்ட் என்றால் நாலு சீலா கடித்ததும் உரிந்துவிடும். பிறகு எந்த மீனும் சீண்டாது. ஒருநாள் பவுல் பேச்சோடு பேச்சாக, "உரியாத சாயம் ஒண்ணு போட்டுத் தாரும் மச்சான். பின்னால இருந்து கயிறு பிடிக்க உம்மையே ஏத்திக்கிடுதேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, இவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

துறைமுகம் கட்ட வந்த ஒரு பட்டறையில் இரும்புக்குப் பூசி மிஞ்சிய சிவப்புப் பொடி கிடைத்தது. சுட்ட ஈயத்தை அதில் முக்கினால் பொடி உருகி ஒட்டும். மறுபடி சுட்டால் இறுகும். ஆனால் கட்டி கட்டியாக அப்பியது. பொடி காற்றில் மிதக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. பால்பவுடர் டின்னின் அடியை வெட்டி, எங்கள் மைதா மூட்டைத் துணியை மடித்து இழுத்துக் கட்டினான். துணிமேல் பொடி, கீழே இன்னொரு டின். அதற்குள் லாரி டியூபிலிருந்து காற்று. மெல்லத் திறந்துவிட்டால் பொடி, பால் பொங்குகிற மாதிரி எழும்பி நிற்கும்.

கடிகாரம் கிடையாது. ஈயம் சூடேற, ஜெபமாலையில் பத்து மணி உருட்டும் நேரம். பொடியில் முக்கி எடுக்க, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று சொல்லும் நேரம். ஜெபமாலையே தொடாத நாசரேத்துச் சபைக்காரனான எனக்குச் சிரிப்பு வரும்.

"ஏலே, ஜெபத்துல போயா மணி பாப்ப?"

"இதுல எண்ணிக்கை தப்பாது அண்ணாச்சி."

கடைசியாக இறுக வைக்க நல்ல அடுப்பு வேண்டும். ஒருநாள் ரொட்டி எடுத்த கையோடு, பத்து ஈயமீனைக் கம்பியில் கோத்து எங்கள் அடுப்புக்குள் தொங்கவிட்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு ஜெபமாலை முடிந்ததும் எடுத்துவிட்டான். சூடு அடங்கியதும் வழக்கம்போல, முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் அடித்து ஊற்றிய மக்ரூன் தட்டுகளை உள்ளே தள்ளினேன். அவை விடியும்வரை அந்த மிச்சச் சூட்டில்தான் காய வேண்டும்.

காலையில் பார்த்தால் மக்ரூன் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. வாயில் போட்டால் பெயிண்ட் நாற்றம். அத்தனையும் கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியவை. முதலாளி அந்த நிமிஷமே இனிகோவை வெளியே அனுப்பினார். எனக்கும் தெரியும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

போகிறபோது அவன் முகத்தில் கவலையே இல்லை. ஈயமீன் பளபளவென்று வந்திருந்தது. இனி ரொட்டிக்கடை எதற்கு?

முப்பது சீலா கடித்தும் சாயம் உரியவில்லை. அந்தச் சேதியோடு பவுல் வந்த அன்று நானும் இனிகோ வீட்டில் இருந்தேன். இனிகோ லுங்கியை மடித்துக் கட்டி, தூக்குவாளியில் சோற்றோடு வாசலில் தயாராக நின்றான்.

"இன்னும் இருபது போடும் மச்சான்," என்றார் பவுல். "கடல்ல உமக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா இதை யாரு செய்வா? நீரு கரையில இருந்தாத்தான் எங்களுக்குச் சோறு."

பாசமாகத்தான் சொன்னார். இனிகோ தலையை ஆட்டினான். தூக்குவாளியைப் பிளாரன்ஸிடம் கொடுத்துவிட்டு டின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

அன்று முக்கி எடுத்ததெல்லாம் கட்டி கட்டியாக வந்தது.

"எண்ணிக்கை தப்பிட்டோ?" என்று கேட்டேன்.

"எண்ணலை அண்ணாச்சி" என்றான்.