சுவரை விட்டு நகராத குமிழி

அந்த வரைபடத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மலேசியாவில், ஷா ஆலமில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகக் கொதித்தலை ஆராய்ந்துகொண்டிருந்தேன். சூடேற்றிய கண்ணாடிக் குழாயில் திரவத்தை ஓடவிட்டு, அதைப் பெட்டியோடு மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே போடுவோம். விழுகிற ஒரு விநாடி சொச்சம் பெட்டிக்குள் எடையே இருக்காது.

தரையில் குமிழிகள் தாமாக மேலே கிளம்பிவிடும். எடை இல்லாதபோது அவற்றுக்கு மேலேது, கீழேது? திரவம் வேகமாக ஓடினால் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும், வித்தியாசமே தெரியாது. மெதுவாக ஓடினால் குமிழி சுவரிலேயே ஒட்டிப் பருக்கும், பக்கத்துக் குமிழியோடு சேரும். ஆவி சுவரை மூடிவிட, சூடு போக வழியில்லாமல் குபீரென்று ஏறும். எத்தனை முறை போட்டாலும் ஏறியது.

"இது சென்சார் கோளாறு லா. அந்தப் புள்ளிகள தூக்கிப் போட்டுடு" என்றார் என் ஆய்வு மேற்பார்வையாளர்.

"இல்ல சார், சென்சார மாத்திட்டும் பார்த்தேன். வீடியோவிலயே தெரியுது."

கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார்.

சிறிய செயற்கைக்கோள் செய்யும் நிறுவனத்தார் வந்த அன்று சார் திரையில் காட்டிய வரைபடத்தில், மெதுவான ஓட்டத்தின் புள்ளி ஒன்றுகூட இல்லை. 'ஈர்ப்பு குறைந்தாலும் மாற்றமில்லை' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. அடியில் என் பெயர்! மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அவர்கள் கருவிகளைக் குளிர்விக்கும் திரவத்தை ஓட்டும் பம்பை மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். விண்வெளியில் கருகிப்போகும் கருவியை யார் போய்ப் பழுது பார்ப்பது?

எழுந்துவிட்டேன். "சார், பாதி புள்ளிய காணோம்."

"கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிற பெண்" என்று அவர்களிடம் மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தார். காதெல்லாம் எரிந்தது. மடிக்கணினியைத் திறந்து வீடியோவை ஓடவிட்டேன். வந்திருந்த பெண் பொறியாளர் ஒருவர் கிட்டே வந்து மூன்று முறை பார்த்தார். "மெதுவான ஓட்டத்தை எங்கள் முன்னால் செய்து காட்டுங்கள். பிறகு பேசலாம்" என்றார்.

மறுவாரம் செய்து காட்டினோம். சுவர் சூடேறியது. அவர்கள் பெரிய பம்புக்கு மாறினார்கள். சார் என்னோடு பேசுவதையே நிறுத்தினார். வேறொருவரிடம் மாறி, ஒரு வருடம் தாமதமாகத்தான் பட்டம் வாங்கினேன்.

அவர்மேல் கோபம் ஆறவில்லை. ஆனால் அன்று கூட்டம் முடிந்ததும் நடைவழியில், "எல்லார் முன்னாடியும் இப்படித்தான் பேசுவியா?" என்று அவர் உறுமியபோது என் வாயிலிருந்து வந்தது, "சாரி சார்." எதற்குச் சாரி? வீடு இருந்த கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.