வயர் எட்டாத ஆழம்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்தது, சீல் என்னும் கடல்நாயின் விலாத் துண்டைக் கடலுக்குள் இறக்கிய வேலைதான். கில்லாக் கடப்பாரையால் உறைந்த கடலைக் குத்தித் துளை போட்டார். அவியாயா கேமராவின் முன்னால் விலாவைக் கம்பியில் கட்டி, வயரை மெல்ல விட்டாள். கிரீன்லாந்தின் வடகோடி ஊரான கானாக்கில் அப்போது நண்பகல். சூரியன் மறைந்து வாரங்கள் ஆகியிருந்தன. நெற்றி விளக்கின் வட்டத்துக்கு வெளியே நாய்களின் மூச்சு மட்டும் கேட்டது.

“மீனுக்கெல்லாம் போட்டோவா? பெத்தவனை ஒண்ணு எடுக்க உனக்கு நேரமில்ல.”

“நீ வாயை மூடிட்டு நிக்கமாட்டே, அப்பா. மீன் நிக்கும்.”

அவர் சிரித்துக்கொண்டே கேமராத் திரைக்குப் பக்கத்தில் குந்தினார். பிறந்ததிலிருந்து அந்தக் கடலின் மேல் நடந்தவர். அதன் உள்ளே பார்ப்பது அதுதான் முதல்முறை. பனியின் அடிப்பக்கத்து விரிசல்களில் சின்னச் சின்ன மீன்கள் ஒண்டிக்கொண்டிருந்தன. பிறகு கடற்பேன்கள் வந்தன. அரிசி அளவுதான், ஆனால் விலாவே தெரியாதபடி மொய்த்தன.

“இந்த இருட்டுல தூங்காம அலையறது இதுங்களும் உன் அத்தையும்தான்” என்றார்.

ஃபிளாஸ்க் தேநீர் தீர்ந்தபோது கம்பியில் வெறும் எலும்பு தொங்கியது. அவர் விசிலடித்தார். அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

கில்லாக் பிறந்தது வடக்கே சியோராபலுக்கில், வால்ரஸ் வேட்டைக்காரர் வீட்டில். கடல் பிந்தி உறைந்து முந்தி உடையத் தொடங்கிய காலத்தில், மெல்லிய பனியில் வேட்டைக்குப் போன அவருடைய அண்ணன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு கில்லாக் ஈட்டியைக் கூரைக்கடியில் செருகிவிட்டு ஹாலிபட் மீன் பிடிக்க இறங்கினார். பனியில் ஒரு துளை. அதன் வழியே கடலின் அடிவரை போகும் நீளக் கயிறு. கயிறு நெடுகக் கிளைக்கயிறுகளில் தூண்டில் முட்கள். கூட்டாளிகள் சும்மா விடவில்லை.

“என்னடா, ஈட்டி பிடிச்ச கை, கிழவி மாதிரி கயிறு சுத்துது?”

“சுத்தட்டும். வீட்ல ஒருத்தி வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கா.”

அந்த ஒருத்தி அவியாயா. அம்மா இருமி இருமிப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நடக்கத் தெரியும், அவ்வளவுதான். தூண்டில் முள்ளுக்குப் போடும் முடிச்சைத்தான் அவர் அவள் பின்னலுக்கும் போட்டார். அவிழவே அவிழாது. அத்தை இனாலுக் வாரம் ஒருமுறை வந்து, திட்டிக்கொண்டே கத்தரிப்பாள். அவியாயா தெற்கே தலைநகர் நூக்குக்குப் படிக்கப் போனபின், தொலைபேசியில் அவர் ‘எப்படி இருக்கே’ என்று கேட்டதே கிடையாது. தீவுப் பக்கம் பனி கறுத்திருக்கிறது, முனைப் பக்கம் பிளந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவளும் அதைத்தான் கேட்கக் காத்திருப்பாள். படித்து முடித்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். குளிர்காலக் கடலில் எது எதைத் தின்கிறது என்று பார்ப்பது வேலை. மீன், சுறா, எது வந்தாலும் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருப்பதைத் தரம்பிரித்து எடைபோட வேண்டும்.

விலாவை இறக்கிய மறுநாள் கில்லாக் கயிற்றைத் தூக்கத் தனியாகப் போனார். நாய்கள் காலி வண்டியை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தன. ஊர் ஆண்கள் விளக்கோடு தேடினார்கள். அவருடைய மீன்துளைக்குக் கொஞ்ச தூரத்தில் பனி புதிதாகப் பிளந்து, மேலே கண்ணாடி போல மறுபடி உறைந்திருந்தது. அவர் கால்தடம் அதன் ஓரம்வரை வந்து நின்றது.

அத்தை அழவில்லை. நேராக அவியாயாவிடம் வந்தாள்.

“உன் மிஷினை இறக்கு.”

“வேணாம், அத்தை.”

“ஏன் வேணாம்? பெரியவன் போனப்பவே ஒண்ணும் கிடைக்கல. தண்ணியில கிடக்கறவனுக்கு நான் எங்க போய் உக்காந்து அழறது? எலும்பா இருந்தாலும் கொண்டா. புதைக்கறது எலும்பைத்தானே.”

விலா வெறும் எலும்பாக எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவியாயாவுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய உடலுக்கு எவ்வளவு என்பதையும் மனம் அதுவாகவே கணக்குப் போட்டுவிட்டிருந்தது. அந்தத் திரையில் அப்பாவைப் பார்க்க நேர்வதுதான் அவள் பயம். பார்க்காமலே விட்டால் அத்தைக்கு ஒரு கல்லறைகூட இருக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பிறகு வண்டியில் கேமராவை ஏற்றினாள்.

பிளவின் ஓரத்தில் துளை போட்டு இறக்கினார்கள். திரையில் தூசி போல ஏதேதோ மிதந்தது. கண்ணாடிக் குமிழ் போன்ற ஒன்று, ஓரங்களில் நிறம் ஓட, விளக்கைக் கடந்து போனது. அத்தை மூச்சு விடாமல் பார்த்தாள்.

“இன்னும் கீழ விடு.”

“வயர் முடிஞ்சுது.”

“அடி தெரியலையே?”

“அடி ரொம்பக் கீழ, அத்தை. இந்த வயர் எட்டாது.”

இனாலுக் திரையிலிருந்து கண்ணை எடுத்து, கில்லாக்கின் மீன்துளையைப் பார்த்தாள். கைராட்டினத்தில் பாதிக் கயிறு சுற்றியிருந்தது. மீதி தண்ணீருக்குள் விறைப்பாக இறங்கியது.

“அவன் கயிறு எட்டும்” என்றாள்.

துளையில் மூடியிருந்த பனியை உடைத்துவிட்டு, இருவரும் மாறி மாறிச் சுற்றினார்கள். கயிறு கனத்தது. ஹாலிபட்டின் கனமில்லை. அது உதறும், இது சும்மா வந்தது. அத்தை உதடுகளுக்குள் ஜெபம் சொன்னாள். அவியாயா சுற்றுவதை நிறுத்தவில்லை.

துளைக்குள் ஒரு சாம்பல் நிறத் தலை மெல்ல எழும்பியது. சுறா. முட்களின் கிளைக்கயிறுகள் உடலைச் சுற்றிக் கண்ணி கண்ணியாகப் பின்னியிருந்தன. கண்ணில் வெள்ளைப் புழு ஒன்று தொங்கியது. உயிர் இருந்தது. வாயை ஒருமுறை திறந்து மூடியது.

அத்தை நெடுநேரம் அதன் வயிற்றுப் பக்கத்தையே பார்த்தாள்.

“நாய்ங்களைப் பூட்டவா? இழுத்து மேல போட்டுடலாம்.”

அவியாயா குனிந்து கண்ணிகளைப் பார்த்தாள்.

“உள்ள என்ன இருக்குன்னு பாக்கறதுதானே உன் உத்தியோகம்?”

“உத்தியோகத்துக்குப் பாப்பேன். இதைப் பாக்க மாட்டேன்.”

“அப்ப பெட்டியில எதை வைக்கறது?”

“பெட்டி வேணாம். மேட்டுல சிலுவை மட்டும் நடுவோம். நீ அங்க வந்து உக்காரு, அத்தை. நானும் வர்றேன்.”

அத்தை அவளை அடிக்கப்போவது போலக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே இறங்கி, இடுப்பிலிருந்து கத்தியை உருவி, அவளிடம் நீட்டியது. அவியாயா மண்டியிட்டு, சுறாவைச் சுற்றியிருந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். கை மரத்துப்போனது. கடைசிக் கண்ணி அறுந்தும் சுறா அவசரப்படவில்லை. வந்தது போலவே, வாலசைக்காமல் கீழே அமிழ்ந்தது. அது போன இடத்தில் தண்ணீர் கறுப்பாக ஆடி நின்றது. இரண்டு பெண்களும் அப்போதுதான் அழுதார்கள். கண்ணீர் இமையிலேயே உறைந்தது.

கயிறு இன்னும் மீதி இருந்தது. விட்டுவிட்டுப் போக முடியாது. சுற்றினார்கள். வந்த தூண்டில் முட்களில் மீன்தோலும் நடுமுள்ளும்தான், எல்லாம் பேன்கள் தின்ற மிச்சம். ஒரே ஒரு ஹாலிபட் மட்டும் உயிரோடு வந்தது. பனியில் விழுந்து வாலை அடித்தது, பிறகு விறைத்தது.

இனாலுக் குனிந்து அதன் துடுப்போரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

“இது மலீனாவுக்கு.”

மலீனா பக்கத்து வீட்டு நிறைமாதக்காரி.

“துடுப்புக் கொழுப்பு தின்னணும்போல இருக்குன்னு அவ கேட்டிருந்தா. உங்கப்பன் அன்னைக்குக் கிளம்பும்போது வண்டியில நின்னுக்கிட்டே அவ ஜன்னலைப் பாத்துக் கத்திட்டுப் போனான். ‘இதோ கொண்டாந்துடறேன், சட்டியை அடுப்புல வை’ன்னு.”