ஸ்பீக்கர் ஒயரின் நான்கு முனைகள்

தங்கத்தாய் எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் இரும்பு கேட்டை உள்ளங்கையால் தொடுவாள். அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் ஒன்பது வருடம் திரி வேலை பார்த்த பழக்கம். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கிவிட வேண்டும் என்று அங்கே வெடிமருந்து அறை வாசல்களில் செம்புத் தகடு வைத்திருப்பார்கள். தொட்ட பிறகுதான் நுழையலாம். கம்பெனியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. கை இன்னும் விடவில்லை.

திருத்தங்கலில் சீனிவாசகம் வீட்டு கேட்டையும் தொட்டாள். அவர் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் நடத்துகிறவர். படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுக்கெல்லாமா கும்பிடு போடுவ, தாயி?"

"கும்பிடலண்ணாச்சி. கரண்டை இறக்குறேன்."

அவர் இரண்டு அடி தள்ளி நின்று வழிவிட்டார்.

இப்போது அவள் சாத்தூரில் நவநீதகிருஷ்ணனின் ஸ்பீக்கர் கடையில் வேலை பார்க்கிறாள். கோயில் கொடைக் காலத்தில் ஒயர் சுற்ற ஆள் வேண்டும் என்று இரண்டு மாதத்துக்குக் கூப்பிட்டார்கள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. கம்பெனியில் செய்ததெல்லாம் எங்கோ வடக்கே வெடித்தது. ஒன்பது வருடத்தில் தான் செய்த ஒன்றின் சத்தத்தையும் அவள் கேட்டதில்லை. இங்கே ஒரு முனையைப் பொருத்தினால் மறு நிமிடம் பாட்டு கேட்கிறது.

வீடுகளுக்குப் போய் ஸ்பீக்கர் மாட்டுகிற ஆள் போன வாரம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். நவநீதகிருஷ்ணன் இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளிடம் சொன்னார்:

"ஒருத்தியாப் போய் முடிச்சிட்டு வா. நல்லபடியா முடிச்சா இனி வீட்டு வேலை எல்லாம் ஒனக்குத்தான். ஆம்ப்ளிபயர் புகைஞ்சுதுன்னா நீ பழையபடி அச்சங்குளம் கம்பெனி வேன்ல ஏறிக்க. நான் ஊரை விட்டே ரயில்ல ஏறிக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஒயர் சுற்ற மட்டும் ஒரு ஆளை வைத்துக்கொள்ள அந்தக் கடைக்குக் கட்டுபடியாகாது என்பது அவளுக்குத் தெரியும்.

சீனிவாசகம் வீட்டு ஹாலில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் நின்றன. ஒயரை அவரே சென்னையிலிருந்து வரவழைத்திருந்தார். சுண்டுவிரல் தடிமன். ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டை ஒயர், கண்ணாடி போன்ற உறைக்குள் செம்பு மின்னியது.

"எம்புட்டு தடியா இருக்கு பாத்தியா? மாட்டையே கட்டலாம்."

"மாட்டைக் கட்டலாம்ணாச்சி. பின்னுக்குள்ள போகாது."

பின் என்றது பனானா பின்னை. நடுவில் உப்பிய பித்தளை முனை. ஒயரை அதன் பின்பக்க ஓட்டையில் செருகித் திருகாணியை முறுக்கினால், பெட்டியிலோ ஆம்ப்ளிபயரிலோ ஒரே அமுக்கில் உட்காரும். ஒயரின் உறையைச் சீவியதும் நூற்றுக்கணக்கான மெல்லிய செம்புக் கம்பிகள் துடைப்பம் போல விரிந்தன. ஓட்டையோ சின்னது.

"பாதியை நறுக்கி விட்டுரு. யாரு பாக்கப்போறா?"

"பாதியை நறுக்கவா சென்னையில இருந்து வாங்குனீக?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சுப்புலட்சுமி சிரிக்கும் சத்தம் வந்தது.

தங்கத்தாய் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கம்பிகளை மூன்று பிரிவாகப் பிரித்தாள். ஒவ்வொன்றையும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். பிறகு மூன்றையும் சேர்த்து உருட்டினாள். திரியில் ஒரு நூல் பிரிந்து நின்றாலும் கம்பெனியில் அதைத் தள்ளிவிடுவார்கள். இங்கே ஒரு கம்பி பிரிந்து பக்கத்துப் பின்னைத் தொட்டால் ஆம்ப்ளிபயர் போய்விடும். விரலுக்கு இரண்டும் ஒரே வேலைதான். துடைப்பம் ஊசியானது. ஓட்டைக்குள் மொத்தமாக இறங்கியது. வெளியே ஒரு கம்பி இல்லை.

ஒரு பெட்டிக்கு ஆம்ப்ளிபயர் பக்கம் இரண்டு பின், பெட்டிப் பக்கம் இரண்டு. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. எழுத்து அச்சடித்திருக்கும் ஒயருக்குச் சிவப்பு. வலது பெட்டி சுவருக்கும் ஷோகேஸுக்கும் இடையில் நெருக்கமாக நின்றது. அங்கே மட்டும் கையை உள்ளே விட்டுத் தடவித் தடவிப் பொருத்தினாள்.

சீனிவாசகம் பாட்டைப் போட்டார். ஜன்னல் அதிர்ந்தது.

"அடேங்கப்பா. கெளம்பு தாயி. பஸ்ஸுக்கு நேரமாச்சு. நவநீதன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் திருப்புளியைப் பையில் போட்டாள். சுப்புலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு ஹாலின் நடுவில் வந்து நின்றாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"ஏங்க, பாடுறவன் எங்கன நிக்கான்?"

"இதென்ன கேள்வி? பெட்டிக்குள்ள."

"இங்கன நின்னா அங்கன இருக்கான். அங்கன போனா இங்கன இருக்கான். நடுவுல ஆளே இல்ல. மேளத்துலயும் வயிறு இல்ல."

"ஒனக்குக் காது அடைச்சிருக்கு."

தங்கத்தாய் அந்த இடத்தில் போய் நின்றாள். உண்மைதான். சத்தம் இருந்தது, மேளத்தின் கனம் இல்லை. வீட்டுக்காரரே போகச் சொல்லிவிட்டார். போய்விட்டால் வேலை அவளுடையது. அந்த அக்கா இரண்டு நாள் முணுமுணுப்பாள், பிறகு பழகிக்கொள்வாள்.

"அண்ணாச்சி, ஆம்ப்ளிபயரை அணைங்க. நான்தான் எங்கயோ தப்பு பண்ணிருக்கேன். ஏசி ரிமோட்டைக் கொஞ்சம் குடுங்க."

"ஏசி எதுக்கு? வேக்குதா?"

"பேட்டரி வேணும்."

ஆம்ப்ளிபயரிலிருந்து நான்கு பின்களையும் கழற்றினாள். பெட்டிகளின் முன்வலையை எடுத்தாள். இடது ஒயரின் சிவப்புப் பின்னை பேட்டரியின் குமிழிலும் கறுப்பை அடியிலும் வைத்தாள். ஸ்பீக்கரின் கறுப்புக் கூம்பு சட்டென்று வெளியே தள்ளியது. வலது ஒயரையும் அதேபோல் வைத்தாள். கூம்பு உள்ளே போனது.

சுப்புலட்சுமி கீழே உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தரம் செய்யி."

மூன்று தரம் செய்து காட்ட வேண்டியிருந்தது.

"இது தள்ளும்போது அது இழுக்குதுக்கா. ஒண்ணை ஒண்ணு தின்னுருது. வலது பெட்டிப் பக்கம் செவப்பையும் கறுப்பையும் மாத்திப் போட்டிருக்கேன்."

எப்படி மாறியது என்று அவளுக்குத் தெரிந்தது. திரிக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. எந்த முனையில் பற்றவைத்தாலும் எரியும். கண் பார்க்காத இடத்தில் விரல் ஒன்பது வருடப் புத்தியைக் காட்டியிருக்கிறது.

சீனிவாசகம் குனிந்து இரண்டு கூம்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரெஜிஸ்டர் வெலகிருக்கு."

"என்னது?"

"பிரஸ்ல நாலு கலரும் ஒரே எடத்துல விழணும். ஒண்ணு நகந்தா முருகனுக்கு ரெண்டு மூக்கு. அதான இது? எனக்கு மொதல்லயே சந்தேகம்."

"ஆமா, ஒங்களுக்குத்தான் மொதல்ல" என்றாள் சுப்புலட்சுமி.

ஷோகேஸை நகர்த்த மூன்று பேரும் சேர்ந்து தள்ளினார்கள். இந்த முறை தங்கத்தாய் வெளிச்சத்தில் எழுத்தைப் படித்துப் பொருத்தினாள். பாட்டு மறுபடி வந்தபோது பாடுகிறவன் நேராக, இரண்டு பெட்டிக்கும் நடுவில் இருந்த டிவிக்கு மேல் நின்றான். மேளம் தரை வழியாகக் காலுக்கு வந்தது.

"ஒத்த மூக்கு" என்றார் சீனிவாசகம்.

அவள் மாடிப்படிக்குப் போய்க் கடைக்கு போன் செய்தாள். "அண்ணே, முடிஞ்சுது. ஆனா ஒரு பெட்டிக்கு மொத செவப்பையும் கறுப்பையும் மாத்திப் போட்டுட்டேன். அந்தக்காதான் காதால கண்டுபிடிச்சாக. எங்கன தப்புன்னு பேட்டரி வச்சுப் பாத்துச் சரி பண்ணிட்டேன்."

அதற்குள் சீனிவாசகம் வந்து போனை வாங்கிக்கொண்டார்.

"நவநீதா, ஒங்க ஆளு என் ஏசி ரிமோட்டைப் பிரிச்சுப்போட்டு எம் பொண்டாட்டிக்கு எலக்ட்ரிக்கல் பாடம் எடுத்துருச்சு. இனி வீட்டுல நான் வாயத் தொறக்க முடியாது. நீ பழைய ஆளை அனுப்பிருந்தா நறுக்கி மாட்டிட்டு டீ குடிச்சிட்டுப் போயிருப்பான்."

போன் திரும்பி வந்தது.

"கெளம்பிட்டியா?" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"இன்னும் இல்லண்ணே."

"நாளைக்கு விருதுநகர் போயிரு. ஒரு டாக்டர் வீடு. ஏழு பெட்டி. பதினாலு பின்னு எடுத்து வைக்கச் சொல்றேன்."

"இருபத்தெட்டுண்ணே. பெட்டிப் பக்கம் யாரு போடுவா?"

போனில் அவர் வாய்க்குள் எண்ணுவது கேட்டது.

"சரி, நீயே கடைக்கு வந்து எடுத்து வச்சிக்க" என்றார்.