விண்கலத்துக்குக் காலை வணக்கம்

சனத்நகரில் என் பட்டறையில் ஒரு விண்கலம் மூன்று நாளாக வழி தவறி நின்றது. வானத்தில் இருந்த அசல் ஒழுங்காகத்தான் சுற்றியது. நான் செய்த அலுமினிய மாடல்தான் தகராறு. ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவனிடம் விண்கலத்தைக் கொடுத்தால் வேறென்ன ஆகும்?

மாதாப்பூரில் ஒரு ஆபீஸ் வரவேற்பறைக்கான மாடல் அது. மேலே இருக்கும் விண்கலம் சோலார் பேனலை எத்தனை டிகிரி திருப்புகிறது என்ற தகவல் நெட்டில் வந்துகொண்டே இருக்கும். மாடலும் உடனுக்குடன் அப்படியே திரும்ப வேண்டும். ப்ரோக்ராம் ஷீலா மேடம், மாரெட்பள்ளிக்காரர். ஷாஃப்ட், பேரிங், பேனல் எல்லாம் என் பட்டறை.

சாயங்காலம் மேடம் பேனலைச் சரியாக நிறுத்திவிட்டுப் போவார். காலையில் கரண்ட் கொடுத்தால் பேனல் கோணல். வியாழக்கிழமை திறப்பு விழா. திங்களன்று லேப்டாப்பை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

"மோட்டாரைக் கழட்டிட்டு சும்மா பொம்மையா வெச்சிடலாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு, அண்ணா. என் ப்ரோக்ராம்தான் தப்பு. எங்கேன்னு தெரியல."

"டீ சொல்லட்டா மேடம்?"

"நக்கோ அண்ணா, வேணாம். இந்த மோட்டாருக்குக் கண்ணு கிடையாது. விட்ட இடத்துலயே இருக்கோம்னு நம்பிட்டுத் தூங்கும். யாராச்சும் திருப்பினாத்தான் கோணலாகும். இங்க யாரு திருப்பப் போறாங்க?"

லேத் மெஷினைப் போடும் முன், இரும்பைப் பிடிக்கும் அதன் 'சக்'கைக் கையால் சுற்றிப் பார்ப்பது என் பழக்கம். தினமும் காலையில் மாடலுக்கும் குட்மார்னிங் சொல்லி ஒரு திருப்பு. முழுச் சுற்று சுற்றியிருந்தாலாவது பழைய இடத்துக்கு வந்திருக்கும். அதற்கும் சோம்பேறித்தனம்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவரோடு போயிருக்கும். அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"மேடம், அந்த யாராச்சும் நான்தான்."

"மூணு நாளாவா?"

"ஹவ், ஆமா மேடம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற வழியிலகூட வந்து திருப்பிட்டுப் போனேன்."

கையிலிருந்த காகித ஃபைலால் என் முதுகில் ஒன்று வைத்தார். அப்புறம் சிரிப்பு, அழுகை, இரண்டும். "எனக்குத்தான் மூளை கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன், அண்ணா!"

அன்றே ஷாஃப்டில் ஒரு பித்தளைப் பின்னும், எதிரே சின்ன ஸ்விட்சும் வைத்தேன். கரண்ட் வந்ததும் பேனல் மெதுவாகச் சுற்றி, அந்தப் பின் ஸ்விட்சில் பட்டதும் அதுதான் ஜீரோ என்று தெரிந்துகொள்ளும். பிறகு அசல் இருக்கும் கோணத்துக்குப் போகும்.

விழாவில் கோட்டு போட்டவர்கள் முன்னால் மேடம் கூப்பிட்டார். "அண்ணா, வந்து குட்மார்னிங் சொல்லுங்க."

போய்ப் பேனலை ஒரு திருப்பு திருப்பினேன். மேடம் கரண்ட் ஸ்விட்சைப் போட்டார். பேனல் தேடியது, 'டிக்' என்றது, நிதானமாகத் திரும்பி, திரையில் இருந்த அதே டிகிரியில் நின்றது.

பட்டறைக்கு வருகிறவர்களே, தொட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். மோட்டாருக்குத்தான் கண் இல்லை. நமக்கு வாய் இருக்கிறது.