சஷ்டி விரதத்து மாத்திரை

அம்மா பேரம் பேசுவதை நிறுத்தியதைத்தான் நான் முதலில் கவனித்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்தவள். தெரிந்த பத்து இந்தி வார்த்தையை வைத்துக்கொண்டே சரோஜினி நகர் கடைக்காரர்களைத் திணறடிப்பாள். அந்த வருஷம் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, வாங்கிய துணியைக்கூடப் பார்க்காமல் நடந்தாள். வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும். அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் போய் அடுப்பை அணைப்பேன். பள்ளிக்கூடம் போகாமலிருக்க அது ஒரு சாக்காக இருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

அப்பா அவளை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். தினமும் காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. முதலில் குமட்டல் மட்டும்தான் வந்தது. வாரங்கள் போயின. ஒரு சாயங்காலம் மார்க்கெட்டில் அம்மா, "க்யா பையா, லூட் ரஹே ஹோ?" என்று, கொள்ளையடிக்கிறாயா எனக் கேட்டு ஒரு துணிக்காரனிடம் சண்டைக்கு நின்றாள். அப்பா குறுக்கே போகாமல் ஒதுங்கி நின்று, கச்சேரி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா அந்தத் துணியை வாங்கவே இல்லை.

ஐப்பசியில் சஷ்டி விரதம் வந்தது. பாலும் பழமும் தவிர எதுவும் வாயில் படக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மாத்திரையும் அதில் சேர்த்திதான் என்றாள், அதே காலனியில் இருந்த பெரியம்மா. "இப்பம் நல்லாத்தான இருக்க? முருகன் பாத்துக்கிட மாட்டானா?" அம்மா அப்பாவிடம் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிட்டாள்.

விரதம் பாதி தாண்டியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சுரீர் என்று கரண்ட் அடிக்கிறது என்றாள். எதற்கெடுத்தாலும் அழுதாள். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "போதை மருந்தக் குடுத்துப் பழக்கிட்டாவ" என்றாள். மறுபடியும் பழைய சுவர்தானோ என்று அப்பா பயந்துபோனார். அம்மாவையும் என்னையும் ஆட்டோவில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

"ஏக்தம் பந்த் கர் தியா?" என்று, மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தியதை அம்மா சொன்னதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் இந்தியில் சொன்னதையெல்லாம் அப்பா வீட்டுக்கு வந்து பெரியம்மாவுக்கு விளக்கினார். மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல செரடோனின் என்று ஒன்றை அனுப்புகிறது. அனுப்பிய நரம்பே அதைச் சீக்கிரம் திரும்ப எடுத்துக்கொள்ளும். மாத்திரை அதைக் கொஞ்சம் தடுத்து வைக்கிறது. அதன் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். இது போதை இல்லை. ஆனால் உடம்பு பழகியிருப்பதால் சட்டென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். நிறுத்துகிற காலம் வந்தால் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். வேறு மருந்து, கஷாயம் எதுவானாலும் முதலில் அவரிடம் சொல்லவேண்டும். மனசு மோசமானால் அன்றைக்கே ஓடிவரவேண்டும்.

"விரதம் முடியட்டும், போட்டுக்கிடுதேன்" என்றாள் அம்மா.

அப்பா வாதாடவில்லை. மறுநாள் காலையில் முருகன் படத்தின் முன்னால் பால், பழத்தோடு மாத்திரையையும் தட்டில் வைத்துச் சூடம் காட்டினார்.

"இந்தா, பிரசாதம். இத வேண்டாம்னு சொல்லுவியா?"

அம்மா அவரை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். மாத்திரையை எடுத்துக்கொண்டாள்.

பிரசாதம் என்றால் எல்லாருக்கும் உண்டே. நானும் கையை நீட்டினேன். அம்மா பழத்தை முழுசாக என்னிடம் கொடுத்துவிட்டு, மாத்திரை இருந்த கையை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு முருகன் படத்தைப் பார்த்தாள்.

"இது ஒனக்கு வேண்டாம்ட்டி. ஒருநாளும் வேண்டாம்."

சாமி கொடுத்ததைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்கிறாளே என்று கோபத்தோடு பழத்தைத் தின்றேன்.

பெரியவளானதும் படிப்பைப் பாதியில் விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, கிடைத்த வேலையைச் செய்து வாழ்கிறேன். இப்போது என் பையிலும் ஒரு மாத்திரை அட்டை இருக்கிறது. எந்த ஊரில் விழித்தாலும் காலையில் போட்டுக்கொள்கிறேன், நானாக நிறுத்துவதில்லை. போனில் சொன்னபோது அம்மா, "சாப்புட்டியாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்குக் கையை மூடிக்கொண்டு முருகன் படத்தைப் பார்த்தாளே, அவனிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்று பழம் தின்றுகொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.